புறவுரையில் நின்ற அழுகை

நன்னூலார் பாயிரத்துக்குப் பல பெயர்களைத் தருகிறார். முகவுரை என்பது அவற்றுள் ஒன்று. புறவுரை என்பது இன்னொன்று. ஒன்றையே முகம் என்றும் புறம் என்றும் அழைக்கும் இந்த வேடிக்கையை, இலக்கணம் கற்பிக்கும் நாம், ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லிக் கடந்துவிடுவதே வழக்கம். சர்வதேச உடன்படிக்கைகளையும், தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்புகளையும் (சட்ட அறிவால் அன்று, மொழியின் மீதுள்ள ஆசையால்) வாசிக்கத் தொடங்கியபோது அந்த இரண்டு பெயர்களும் மீண்டும் நினைவுக்கு வந்தன.

உடன்படிக்கைகளின் அமைப்பைப் பார்த்தவர் அறிவர். தொடக்கத்தில் ஒரு முகவுரை. அதில் துயரம் இருக்கும், மனசாட்சி இருக்கும், இனிப் பிறக்கப்போகும் தலைமுறைகள் இருக்கும். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் வெகுதூரம் தள்ளி ஒரு வினைமுற்றில் முடியும் ஒற்றை நெடுவாக்கியமாகப் பெரும்பாலும் அது அமைந்திருக்கும். அது முடிந்ததும் எண்ணிட்ட பிரிவுகள் தொடங்கும். அங்கே குரல் வறண்டுவிடும். விதி என்பது பிரிவுகளில்தான் இருக்கிறது, முகவுரை அதற்குப் பொருள்கொள்ளத் துணை செய்வது மட்டுமே என்பது சட்டத்துறையினர் பொதுவாகக் கொள்ளும் நிலை. பாயிரமில்லாதது நூலாகாது என்று கருதிய மரபில் வந்தவர்க்கு இது சற்று உறுத்தும். உணர்ச்சியை யார் கொண்டுபோய் அந்தத் திண்ணையில் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்த பிறகு அது என்ன செய்தது என்று பார்க்க முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

கதை ஒரு புத்தகத்தில் தொடங்குகிறது என்பதில் நம் போன்றோர்க்கு ஒரு மகிழ்ச்சி. 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் பிரான்சும் சார்டீனியாவும் ஒருபுறமும் ஆஸ்திரியா மறுபுறமுமாகப் பெரும்போர் நடந்தது. அல்ஜீரியாவில் தாம் தொடங்கியிருந்த தொழிலுக்கு மூன்றாம் நெப்போலியனின் தயவை நாடி அந்தப் பக்கம் வந்திருந்தார் ஹென்றி டுனாண்ட் என்ற ஜெனீவா வணிகர். காஸ்டிலியோனே என்ற சிற்றூரின் தேவாலயத்திலும் தெருக்களிலும் காயமுற்றவர்கள் ஆயிரக்கணக்கில் கிடத்தப்பட்டிருந்ததை அவர் கண்டார். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், காயங்களைக் கட்டினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1862இல், ‘சோல்ஃபெரினோ நினைவு’ என்ற நூலைத் தம் செலவில் 1,600 படிகள் அச்சிட்டார். அது ஐரோப்பாவின் அரச மாளிகைகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த நூலின் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. முதற்பகுதி அக்கால ஐரோப்பியப் போர் வருணனை மரபில், படையணிகளின் வரிசையும் வீரமுமாகச் செல்கிறது. அரசர்களுக்குப் பிடித்த நடை அது. அவர்களை அந்த நடையாலேயே உள்ளே இழுத்துக்கொண்டுவந்து, அடுத்த பகுதியில் தேவாலயத்துத் தரையில் நிறுத்திவிடுகிறார் டுனாண்ட். நம் பரணிப் புலவர்கள் போர் முடிந்ததும் களத்தைப் பேய்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். டுனாண்ட் களம் ஓய்ந்த பிறகும் அங்கேயே நிற்கிறார். தாகம், புழு, கால் வெட்டப்படும் இளைஞன், யாரும் எடுத்துக் கொடுக்காத கடிதம். கடைசிப் பகுதி மிகச் சிறியது. காயமுற்றோரைக் கவனிக்கும் சங்கங்களை அமைதிக் காலத்திலேயே அமைத்துவைக்கக் கூடாதா, அதற்கு நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளக் கூடாதா என்ற கேள்வி மட்டுமே அதில் இருக்கிறது.

1864 ஆகஸ்ட் 22 அன்று ஜெனீவாவில் உடன்படிக்கை பிறந்தது. பத்தே பிரிவுகள். தேவாலயம் இல்லை, தாகம் இல்லை. போரோடு ஒட்டிய தீமைகளைத் தங்களால் இயன்ற அளவு தணிக்க விரும்பி அரசுகள் கூடியதாக முகப்பில் ஒரு சிறு தொடர் உண்டு, அவ்வளவுதான். ஆனால் ஆறாம் பிரிவைப் படிக்கும்போது ஓரிடத்தில் நின்றுவிட வேண்டியிருக்கிறது. காயமுற்றோரும் நோயுற்றோரும் எந்த நாட்டினராயினும் எடுத்துச் சென்று பேணப்பட வேண்டும் என்கிறது அது. காஸ்டிலியோனேப் பெண்கள் தம் ஊரைத் தாக்க வந்த ஆஸ்திரியனுக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, எல்லாரும் சகோதரர்தாம் என்று சொன்னதாக டுனாண்ட் எழுதியிருந்தார். ‘எந்த நாட்டினராயினும்’ என்ற அந்த உம்மை அவர்களுடைய சொல்லின் சாறு. இந்த வற்றக் காய்ச்சுதலை நாம் குறை சொல்லவில்லை. கண்ணீரைக் காட்டி ஒரு படைத்தலைவனிடம் ஒரு நாள் இரங்கல் பெறலாம். மறுநாளும் அவன் அதையே செய்ய வேண்டுமென்றால் விதி வேண்டும்.

இதே வற்றக் காய்ச்சுதலுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு. கொலை, உறுப்புச் சிதைத்தல், வதைத்தல், பிணையாகப் பிடித்துவைத்தல், மானத்தைக் குலைத்தல் என்று செய்யக் கூடாதவற்றை அது அடுக்குகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைச் சொல்லுமிடத்தில் உறுப்பறுத்தலும் கொல்லுதலும் இருக்கின்றன, அலைத்தல் இருக்கிறது, தன்னைச் சார்ந்த குடியைக் கொள்வதும் இருக்கிறது. கேட்டவுடன் மனிதனுக்குச் சினம் எழும் செயல்கள் எவை என்று ஒரு இலக்கணக்காரன் எழுதிய பட்டியலும், போரில் விலக்கப்பட்டவை எவை என்று அரசுகள் எழுதிய பட்டியலும் இவ்வளவு நெருங்கி வருவது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. உணர்ச்சி விதிக்குள் இல்லாமல் இல்லை. பெயரை மாற்றிக்கொண்டு இருக்கிறது.

பெயரை மாற்றிக்கொள்ள இயலாத உணர்ச்சிகள்தாம் திண்ணைக்குப் போயின. அதற்கு ஒரு நாளையும் ஊரையும் குறிப்பிடலாம்: 1899, தி ஹேக். ரஷ்யப் பேரரசின் அழைப்பில் கூடிய அமைதி மாநாடு அது. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் பொதுமக்கள் ஆயுதம் எடுத்தால் அவர்கள் போர்வீரர்களா, சுட்டுத் தள்ளத்தக்க குற்றவாளிகளா என்று ஒரு சிக்கல் எழுந்தது. பெரிய படைகளை வைத்திருந்த வல்லரசுகள் ஒரு பக்கம் நின்றன. படையெடுப்புக்கு உள்ளாகக்கூடிய பெல்ஜியம் போன்ற சிறு நாடுகள் மறுபக்கம் நின்றன. பேச்சு முறியும் தறுவாயில் ரஷ்யப் பிரதிநிதி மார்ட்டென்ஸ் ஒரு வாசகத்தை எடுத்துப் படித்தார். விதியில் எழுதப்படாத இடங்களில், நாகரிக மக்களிடையே நிலவும் வழக்கங்களும், மனிதத்தன்மையின் சட்டங்களும், பொது மனசாட்சியின் கோரிக்கைகளும் மக்களுக்கும் போரிடுவோர்க்கும் காப்பாக நிற்கும் என்பது அதன் கருத்து. சிக்கல் தீரவில்லை, ஆனால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வாசகம் முகவுரையில் ஏறியது.

மனசாட்சி சட்டத்துக்குள் நுழைந்த இடம் என்று இதைப் போற்றுவோர் உண்டு. இது தேர்ந்த ஒரு ராஜதந்திரியின் சமாளிப்பு என்று இத்தாலியச் சட்ட அறிஞர் அன்டோனியோ கசேசே 2000ஆம் ஆண்டில் எழுதினார். இரண்டும் உண்மையாக இருக்கத் தடையில்லை. (மார்ட்டென்ஸ் இன்றைய எஸ்தோனியாவின் பார்னு நகரில் பிறந்தவர். எஸ்தோனிய நாவலாசிரியர் யான் க்ரோஸ் அவருடைய கடைசி ரயில் பயணத்தை வைத்து 1984இல் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். பேரரசுக்குப் பணி செய்த அறிவாளியின் மனசாட்சியைத் துருவும் நூல் அது. இக்கட்டுரையில் ஆர்வம் கொள்வோர் தேடிப் படிக்கலாம்.)

அந்த வாசகத்தில் ‘நாகரிக மக்கள்’ என்ற தொடர் சும்மா வந்து நிற்கவில்லை. அதே மாநாட்டில், உடலுக்குள் நுழைந்ததும் விரிந்து சிதைக்கும் துப்பாக்கிக் குண்டுகளைத் தடை செய்யும் பேச்சு நடந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் செய்யப்பட்டதால் அவற்றுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா தடையை எதிர்த்தார். நாகரிகமான படைவீரன் ஒரு குண்டு பட்டதும் விலகிவிடுவான், காட்டுமிராண்டியோ பட்ட பின்னும் பாய்ந்து வருவான், அவனுக்குச் சாதாரணக் குண்டு போதாது என்பது அவருடைய வாதம். யாருடைய உடல் அது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தடை அறிக்கை நிறைவேறியது. பிரிட்டன் 1907இல்தான் அதில் சேர்ந்தது. மனிதத்தன்மை என்ற சொல்லும் இந்த வாதமும் ஒரே கூரையின்கீழ், ஒரே கோடைக்காலத்தில் பேசப்பட்டவை.

ஆனாலும் உணர்ச்சி மொழிக்கு ஒரு குணம் உண்டு. எழுதியவன் கையோடு அது நின்றுவிடுவதில்லை. 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையைப் பாருங்கள். தம் வாழ்நாளில் இரண்டு முறை சொல்லொணாத் துயரத்தைக் கொண்டுவந்த போரிலிருந்து இனிவரும் தலைமுறைகளைக் காக்கவும், அடிப்படை மனித உரிமைகளில் நம்பிக்கையை உறுதிப்படுத்தவும் மக்கள் உறுதி பூணுவதாக அது பேசுகிறது. அதற்கு முதல் வரைவு எழுதியவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். அடிப்படை மனித உரிமை என்று எழுதிய அதே கை, மறு ஆண்டே, 1946இல், இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே வாழலாம் என்று வரையறுக்கும் சட்டத்தைத் தன் நாட்டில் கொண்டுவந்தது.

அந்த இந்தியர்களில் பெரும் பகுதியினர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனவர்களின் வழியினர். முதல் கப்பல் ‘ட்ரூரோ’ 1860 நவம்பரில் டர்பனை அடைந்தது. அது புறப்பட்டது சென்னையிலிருந்து. 1946இல் ஐ.நா. பொதுச்சபையின் முதல் கூட்டத்தொடரிலேயே, விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற இந்தியக் குழு இவர்களுக்காக வழக்காடியது. ஸ்மட்ஸ் நேரில் வந்திருந்தார். சாசனத்தின் முகவுரையை அவர் பக்கமே திருப்பிப் பிடித்தது இந்தியா. அவர் எதைப் பற்றிக்கொண்டார் என்பதில்தான் சுவை இருக்கிறது: உள்நாட்டு விவகாரங்களில் தலையிட ஐ.நா.வுக்கு அதிகாரமில்லை என்னும் இரண்டாம் பிரிவின் ஏழாம் உட்பிரிவை. சட்டச் சிக்கலாதலால் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம் என்றும் தென்னாப்பிரிக்கா சொல்லிப் பார்த்தது. பாயிரம் எழுதியவரே பாயிரத்தை விட்டுப் பிரிவுக்குள் ஒளிந்துகொண்ட காட்சி அது. டிசம்பர் 8 அன்று தீர்மானம் 32க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியது. 7 நாடுகள் நடுநிலை. தென்னாப்பிரிக்காவில் எதுவும் உடனே மாறிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் இந்தத் திண்ணையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது இருபது ஆண்டுகள் கழித்து. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் (இன்றைய நமீபியா) தென்னாப்பிரிக்கா திணித்த நிறவெறி ஆட்சியை எதிர்த்து எத்தியோப்பியாவும் லைபீரியாவும் 1960இல் வழக்குத் தொடுத்திருந்தன. 1966 ஜூலை 18 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தனர். தலைவர் பெர்சி ஸ்பெண்டரின் கூடுதல் வாக்கால், வழக்குத் தொடுத்த நாடுகளுக்கு அதில் சட்ட உரிமை இல்லையென்று முடிவாயிற்று. மனிதாபிமானக் கருத்துகள் விதிகள் பிறப்பதற்கு உந்துதலாக இருக்கலாம், ஐ.நா. சாசனத்தின் முகவுரை அதன் பிரிவுகளுக்கு அறவியல் அடித்தளமாக இருப்பதுபோல. ஆனால் அவையே விதியாகிவிடமாட்டா என்று அத்தீர்ப்பு கூறியது. நடை தெளிவானது, அமைதியானது, ஒரு சொல்கூட உயர்ந்து ஒலிக்காதது. ஆறு ஆண்டுகள் காத்திருந்த ஆப்பிரிக்கர்களுக்கு அந்த அமைதியே அவமதிப்பாகப் பட்டிருக்கும். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஜப்பானிய நீதிபதி தனகா கோதாரோ சமத்துவம் என்றால் என்ன என்று பொறுமையாகப் பக்கம் பக்கமாக எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்பை இன்று பெரும்பாலும் எச்சரிக்கைக்காகவே நினைவுகூர்கிறார்கள். தனகாவை மேற்கோளுக்காகத் தேடிப் போகிறார்கள். முகவுரைக்கு அடுத்தபடி உணர்ச்சிக்கு இடம் கிடைத்த இன்னொரு திண்ணை இந்த மாறுபட்ட தீர்ப்பு என்னும் வடிவம்.

இந்த வடிவத்தில் நாம் வாசித்தவற்றுள் மிகப் பெரியது கொழும்பில் பிறந்த நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி 1996இல் எழுதியது. அணுவாயுதத்தைப் பயன்படுத்துவதோ, பயன்படுத்துவதாக அச்சுறுத்துவதோ சட்டப்படி செல்லுமா என்று ஐ.நா. பொதுச்சபை நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்டிருந்தது. 1995 நவம்பரில் வாய்மொழி விசாரணை. ஹிரோஷிமா, நாகசாகி நகர மேயர்கள் இருவரும் வந்து பேசினார்கள். மார்ஷல் தீவுகளிலிருந்து ஒரு பெண் வந்தார். 1954 மார்ச் 1 அன்று பிகினியில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது ரோங்கலாப் தீவில் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தவர். பின்னாளில் தம் தீவுப் பெண்களுக்குப் பிறந்தவற்றை ஆக்டோபஸ் என்றும் ஆமை என்றும் ஜெல்லிமீன் என்றும்தான் தங்களால் சொல்ல முடிந்தது, அத்தகைய பிறப்புகள் அதற்கு முன் இருந்ததில்லையாதலால் தங்கள் மொழியில் அவற்றுக்குச் சொல் இல்லை என்று அவர் நீதிபதிகளிடம் கூறினார். மொழி பயின்றவர்கள் என்ற முறையில் இந்த ஓரிடத்தை நாம் எளிதில் தாண்டிவிட முடியவில்லை. பெயரிட முடியாத ஒன்றுக்கு, அறிந்த கடலிலிருந்து பெயரைக் கடன் வாங்குகிறார்கள். உவமை அங்கே அணியன்று, வேறு வழியின்மை.

1996 ஜூலை 8 அன்று வெளியான நீதிமன்றக் கருத்துரையில், இவ்வாயுதத்தின் அழிவாற்றலை இடத்தாலோ காலத்தாலோ அடக்க முடியாது என்ற கருத்து இருக்கிறது. அந்தப் பெண்ணின் கடல்வாழ் உயிர்கள் இல்லை. அவை வீரமந்திரியின் மாறுபட்ட தீர்ப்பில் இருக்கின்றன. எந்தச் சூழ்நிலையிலும் இவ்வாயுதம் சட்டத்துக்குப் புறம்பானதே என்று நிறுவ, நூறு பக்கங்களுக்கு மேல் அவர் எழுதினார். ஹிரோஷிமாவின் விவரங்கள் வருகின்றன, மார்ட்டென்ஸ் வாசகம் வருகிறது, வில்லம்பின் கொடிய வகையை 1139இல் லாட்டரன் திருச்சபை மாநாடு விலக்கியது வருகிறது, மகாபாரதத்தில் அர்ச்சுனன் பாசுபதத்தைத் தொடாமல் விட்டது வருகிறது. அடுத்த ஆண்டு டான்யூப் நதி அணை வழக்கில் இலங்கையின் பழைய குளங்களைப் பற்றியும் அவர் இதே விரிவோடு எழுதினார். ஒரே மூச்சில் வாசித்தால் சற்றுத் திகட்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லாச் சமயங்களும் எல்லாக் காலத்திலும் ஒன்றையே சொல்லின என்பது போன்ற தொனி இடையிடையே தலைகாட்டுகிறது. நூல்கள் அப்படி ஒருமுகமாகப் பேசுபவை அல்ல.

எடுத்துக்காட்டாக, ராமாயணத்தையும் அவர் துணைக்கு அழைக்கிறார்: பகைவர் இனத்தையே அழிக்கவல்ல படையைத் தொடுக்க இலக்குவன் முனைந்தபோது இராமன் தடுத்த செய்தி. கம்பனில் பிரமாத்திரப் படலம் இந்த இடம். ஒருவனுக்காகத் தொடுத்தால் மூவுலகையும் சுட்டுவிடும் என்று இராமன் மறுக்கிறான், இலக்குவன் அடங்குகிறான். ஆனால் கம்பன் அங்கே நிற்கவில்லை. மறைந்து நின்ற இந்திரசித்து அவர்கள் எண்ணத்தை அறிந்துகொள்கிறான். அவர்கள் தொடுக்கும் முன் தான் தொடுத்துவிடுவதே தக்கது என்று இலங்கைக்கு மீள்கிறான். பின்னர் அந்தப் படையாலேயே இலக்குவனும் வானரரும் வீழ்கிறார்கள். அணுவாயுத நாடுகள் நீதிமன்றத்தில் முன்வைத்த அச்சம் முழுவதும் அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது. அறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சத்தை விட்டுவிட்டார் நீதிபதி. அதனால் இராமன் சொன்னது தவறாகிவிடாது. கம்பனும் அப்படிக் கருதியதாகத் தெரியவில்லை. ஆனால் வழக்கின் கனம் அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நீதிமன்றமோ இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டது. மீண்டும் ஏழுக்கு ஏழு, மீண்டும் தலைவரின் கூடுதல் வாக்கு. அணுவாயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டத்துக்கு முரணானது. ஆயினும் ஓர் அரசின் உயிர்வாழ்வே ஆபத்துக்குள்ளாகும் தற்காப்பின் கடைசி எல்லையில் முறையானதா, முறையற்றதா என்று தம்மால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது என்றது அந்தப் பத்தி. உயிர்வாழ்வு! அரசுக்கு உயிர் உண்டு என்பது உருவகம். தொல்காப்பியர் பட்டியலில் அது அச்சம் என்னும் மெய்ப்பாடு. உணர்ச்சிக்கு இடமில்லை என்று சொல்லும் சட்டத்தின் முடிவுப் பத்தியிலேயே, எண்ணிட்ட வறண்ட வாக்கியத்தின் நடுவிலேயே, ஓர் உணர்ச்சி உருவகமாக உட்கார்ந்திருக்கிறது. அரசின் அச்சத்துக்குக் கூடத்தில் இருக்கை கிடைத்தது. ரோங்கலாப் பெண்ணின் அழுகைக்குத் திண்ணைதான்.

திண்ணையிலிருப்பது சில வேளை உள்ளே போவதும் உண்டு. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் இரண்டு கூடுதல் நெறிமுறைகள் சேர்க்கப்பட்டன. நாடுகளுக்கிடையிலான போருக்குரிய முதல் நெறிமுறையில், 78 ஆண்டுகள் முகவுரையில் கிடந்த மார்ட்டென்ஸ் வாசகம் முதற்பிரிவுக்குள்ளேயே நுழைந்தது. நாகரிக மக்கள் என்ற தொடர் வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. உள்நாட்டுப் போருக்குரிய இரண்டாம் நெறிமுறையில் அது இன்னும் முகவுரையில்தான் இருக்கிறது. 1977க்குப் பிறகு மனிதர்கள் எந்தவகைப் போரில் மிகுதியும் செத்தார்கள் என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

2017 ஜூலை 7 அன்று, 122 நாடுகளின் வாக்குகளோடு, அணுவாயுதத் தடை ஒப்பந்தம் ஐ.நா.வில் நிறைவேறியது. 2021 ஜனவரி 22 முதல் அது நடப்பில் இருக்கிறது. அணுவாயுதம் வைத்திருக்கும் நாடு எதுவும் அதில் சேரவில்லை. அதன் முகவுரையில் பொது மனசாட்சி இருக்கிறது. ஹிபாகுஷா என்ற ஜப்பானியச் சொல்லும் இருக்கிறது. குண்டுவீச்சுக்கு ஆளாகிப் பிழைத்தவர்கள் தங்களைக் குறிக்க வழங்கும் சொல். மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. அவர்கள் படும் துயரை மனங்கொண்டு என்று அந்த எச்சம் நீள்கிறது. பிறகு முகவுரை முடிந்து பிரிவுகள் தொடங்குகின்றன. அவர்களுக்கு மருத்துவமும் மறுவாழ்வும் அளிக்கப்பட வேண்டும் என்பது ஆறாம் பிரிவு. 1864இலும் ஆறாம் பிரிவுதான். அந்தப் பிரிவில் ஹிபாகுஷா என்ற சொல் இல்லை. பாதிக்கப்பட்ட ஆட்கள் என்றிருக்கிறது.